ஹேண்ட்பால்: கோல் எறிதலையும் ஃபாஸ்ட் பிரேக்கையும் எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது?

'கைப்பந்து' என்று எழுதினால் பாதிப் பேர் வாலிபால் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன். பள்ளி அணிக்குப் புதிதாகப் பயிற்சி கொடுக்க வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், தம்பி தங்கைகளைப் பழக்க நினைக்கும் மூத்த மாணவர்களுக்கும் உரியது இது. விதிகள் ஓரளவு தெரியும், செம்மண் மைதானம் ஒன்று இருக்கிறது, பிள்ளைகள் பதினான்கு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

புதிதாக வருகிற பயிற்சியாளர்கள் முதல் நாளே தொடங்குவது ஃபாஸ்ட் பிரேக்கை, அதாவது எதிரணி தற்காப்புக்குத் திரும்புவதற்குள் பந்தை வேகமாகக் கொண்டுபோய் எறியும் தாக்குதலை. கோல் கீப்பர் பந்தை நீளமாக வீச வேண்டும். விங் ஆட்டக்காரர் (மைதானத்தின் ஓரத்தில் ஆடுபவர்) ஓடிப்போய்ப் பிடித்துக் கோலில் எறிய வேண்டும். பார்ப்பதற்கு ஆட்டம் மாதிரியே இருக்கும். ஆனால் வீசிய பந்துகளில் பெரும்பாலானவை வழியிலேயே தொலைந்துபோகும். கடைசியில் வரும் கோல் எறிதலைப் பழக யாருக்கும் வாய்ப்பே வராது.

ஆகவே நான் வாலிலிருந்து தலைக்குப் போகிறேன். முதலில் கோல் எறிதல், பிறகு அதற்கு முன்னால் வரும் பந்துப் பிடிப்பு, அதற்கும் முன்னால் வரும் நீள பாஸ், கடைசியாக ஓட்டத்தைத் தொடங்கும் நேரம். புதிதாகச் சேரும் ஒவ்வொரு படியும் ஏற்கெனவே பழகிய இடத்தில் போய் முடிவதால், பந்து வீணாவது குறைகிறது.

1. கோடு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்

மைதானம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். இவற்றில் யாரும் தவறுவதில்லை. தவறு நடப்பது 6 மீட்டர் கோட்டில், அதாவது கீப்பர் மட்டும் நிற்கக்கூடிய பகுதியின் எல்லையில்.

பலர் கோலின் நடுவில் முளை அடித்து, 6 மீட்டர் கயிற்றால் அரைவட்டம் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. இரண்டு கம்பங்களின் உள்பக்கப் பின்மூலையிலும் தனித்தனியாக முளை அடித்து, இரண்டு கால்வட்டங்கள் போட வேண்டும். பிறகு அவற்றை 3 மீட்டர் நேர்கோட்டால் இணைக்க வேண்டும். நடுவிலிருந்து அரைவட்டம் போட்டால், ஓரத்தில் கோடு 1.5 மீட்டர் உள்ளே வந்துவிடும். உங்கள் விங் ஆட்டக்காரர் ஒரு மாதம் முழுக்க இல்லாத கோணத்தில் எறிந்து பழகுவார். போட்டி மைதானத்தில் கால் வைக்கும் இடமே தெரியாமல் விழிப்பார்.

9 மீட்டரில் வரும் இடைவெளி விட்ட கோட்டையும் இதே முறையில் போடுங்கள். 7 மீட்டரில் ஒரு மீட்டர் நீளக் கோடு; தண்டனை எறிதல் அங்கிருந்துதான். சுண்ணாம்புத் தூள் இரண்டு நாளில் கலைந்துவிடும். முளை அடித்த இடங்களில் ஆணியோடு ஒரு துணித்துண்டைப் புதைத்து வைத்தால் மறுபடி அளக்க வேண்டியதில்லை.

2. வயதுக்கு ஏற்ற பந்து

12 வயது வரையுள்ள பையன்களுக்கும் 14 வயது வரையுள்ள பெண்களுக்கும் 1ஆம் எண் பந்து. சுற்றளவு 50 முதல் 52 செ.மீ. அடுத்து 16 வயது வரையுள்ள பையன்களுக்கும், 14 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் 2ஆம் எண். 54 முதல் 56 செ.மீ. அதற்கு மேற்பட்ட ஆண்களுக்கு 3ஆம் எண். 58 முதல் 60 செ.மீ. பள்ளிப் போட்டிகளில் எந்தப் பந்து என்பதை நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

'பெரிய பந்தில் பழகினால் பலம் வரும்' என்பார்கள். வராது. விரல் எட்டாத பந்தைப் பிடிக்கும் பிள்ளை முழங்கையைக் கீழே இறக்கி, குண்டு எறிவதுபோலத் தள்ளத் தொடங்கும். அந்தப் பழக்கத்தை அழிக்க ஒரு பருவம் ஆகும்.

பெரிய போட்டிகளில் கையில் பசை தடவிக்கொள்வதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். நம்மிடம் அது கிடையாது. இருப்பது செம்மண் தூசி. எனவே ஒரு கையால் பந்தைப் பிடித்து ஏமாற்றும் வித்தைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தாவும் கணம் வரை இரண்டாவது கை பந்தின்மேல் இருக்கட்டும். இடுப்பில் ஈரத்துணி ஒன்றைச் செருகிக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பந்தைத் துடையுங்கள். இருவருக்கு ஒரு பந்தாவது வேண்டும்.

3. கோல் கீப்பரைச் சூடேற்றிய பிறகே எறிதல்

பிள்ளைகள் வந்தவுடன் கோலை நோக்கி எறிய ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். தோள் சூடேறுவதற்கு முன் வேகமாக எறிந்தால் வலி வரும். கீப்பரும் முதல் பத்துப் பந்துகளை முகத்தருகே வாங்கினால் அதன்பிறகு கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிடுவார்.

எல்லோரும் 8 மீட்டர் தூரத்தில் வரிசையாக நிற்கட்டும். முதல் சுற்றில் கீப்பரின் கைக்கு எட்டும் உயரத்தில் வலது, இடது என்று மாறி மாறி. இரண்டாம் சுற்று இடுப்பு உயரம். மூன்றாம் சுற்று காலடி. கோல் போடுவது நோக்கமில்லை. சொன்ன இடத்துக்கு, சொன்ன வேகத்தில் பந்து போக வேண்டும். இதிலேயே குறிவைக்கும் பயிற்சியும் சேர்ந்துவிடுகிறது.

தலைக்கு எறியக் கூடாது என்பதை அன்றே சொல்லுங்கள். குறுக்கே தற்காப்பாளர் இல்லாத நிலையில், அசையாமல் நிற்கும் கீப்பரின் தலையில் நேராகப் பந்து பட்டால் எறிந்தவர் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். 2022இல் வந்த விதி இது. 7 மீட்டர் எறிதலில் அப்படி நடந்தால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றம்.

என் கணக்கு ஒன்று: ஒருவர் ஒரு நாளில் முழு வேகத்தில் 40 எறிதலுக்கு மேல் எறியக் கூடாது. மற்றவை முக்கால் வேகம்.

4. ஓடிக்கொண்டே பாஸ்

இருவர் 5 மீட்டர் இடைவெளியில் இணையாக ஓடி, மைதானத்தின் நீளம் முழுக்கப் பாஸ் கொடுத்துப் போய்வர வேண்டும். இரு கைகளால் பிடிக்க வேண்டும்; விரல்கள் விரிந்து, கட்டைவிரல்கள் பந்தின் பின்னால் ஒன்றையொன்று நெருங்கி இருக்க வேண்டும். எறியும் முழங்கை தோள் உயரத்தில் இருக்க வேண்டும்.

பாஸ் போக வேண்டிய இடம் கூட்டாளியின் நெஞ்சு அல்ல, நெஞ்சுக்கு ஒரு அடி முன்னால். நெஞ்சைக் குறிவைத்தால் பந்து முதுகுப்பக்கம் போகும். பிடிப்பவர் நின்று திரும்ப வேண்டியிருக்கும். ஒருவரையொருவர் பார்த்தபடி நண்டுபோல் பக்கவாட்டில் நகர்கிறவர்களை உடனே நிறுத்துங்கள். கால்விரல் எதிர்க் கோலை நோக்கியே இருக்கட்டும். தலையும் தோளும் திரும்பினால் போதும்.

5. மூன்று காலடி: இங்கே அவசரப்படாதீர்கள்

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிகபட்சம் மூன்று காலடி, மூன்று விநாடி. வலக்கைக்காரருக்கு இடது, வலது, இடது என்று வந்து இடது காலால் தாவுவது இயல்பான வரிசை. இடக்கைக்காரருக்கு இது தலைகீழ்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் அணியில் இருந்தாள். நல்ல தாவல், நல்ல கை. ஆனால் எறியும்போதெல்லாம் நடுவர் விசில் ஊதினார். "சார், நான் மூணுதான் வைக்கிறேன்" என்று அழாத குறையாகச் சொன்னாள். அவள் வாயில் 'இடது-வலது-இடது' என்று எண்ணுவதும் கேட்டது. ஒரு நாள் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து அவள் காலை மட்டும் பார்த்தேன். அந்தரத்தில் பந்தைப் பிடித்து இடது காலில் இறங்கினாள். அது காலடிக் கணக்கில் வராது. ஆனால் அடுத்த கால் வலது என்பதால், வாய்பாட்டின்படி இடதில் தொடங்குவதற்காக வலதை ஒன்று கூடுதலாகச் சேர்த்துக்கொண்டாள். வலது, இடது, வலது, இடது: நான்கு!

எண்ணச் சொல்லிக்கொடுத்த என் தவறுதான் அது. இப்போது இப்படிச் சொல்கிறேன்: அந்தரத்தில் பிடித்து வலது காலில் இறங்கினால் மூன்று அடி இருக்கிறது, இடது-வலது-இடது. இடது காலில் இறங்கினால் வலது-இடது என்று இரண்டே அடியில் தாவு. இரண்டையும் சரிபாதியாகப் பழக்குங்கள். ஆட்டத்தில் எந்தக் காலில் இறங்குவோம் என்பது பாஸ் கொடுப்பவர் கையில் இருக்கிறது.

பயிற்சி முறை: சுண்ணாம்பால் தரையில் பாத அடையாளங்கள் போடுங்கள். முதல் நாள் பந்தே இல்லாமல் அவற்றின்மேல் ஓடித் தாவட்டும். இரண்டாம் நாள் பந்தைக் கையில் ஏந்தியபடி. மூன்றாம் நாள்தான் பாஸ் வாங்கி. அடையாளங்களின் இடைவெளி பிள்ளையின் உயரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். கடைசி அடி மற்றவற்றைவிடச் சற்றுக் குட்டையாக இருந்தால்தான் ஓட்ட வேகம் மேல்நோக்கித் திரும்பும்.

6. தாவி எறிதல்

கோலின் நான்கு மூலைகளிலும் பழைய சைக்கிள் டயர்களைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். கீப்பர் இல்லாமல் தொடங்குங்கள். கீப்பர் நின்றால் பிள்ளைகளின் கண் அவர்மேல்தான் போகும். கண் போகும் இடத்துக்கே பந்தும் போகும்.

9 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து உங்களுக்குப் பாஸ் கொடுத்து, ஓடிவந்து திரும்ப வாங்கி, தாவி எறிய வேண்டும். தாவும்போது எறியும் பக்கத்து முழங்கால் மேலே வருகிறதா, பந்து தலைக்குப் பின்னால் உயரமாக இருக்கிறதா, தாவிய காலிலேயே இறங்குகிறார்களா என்று பாருங்கள். இறங்கும் கால் மாறினால் உடல் அந்தரத்தில் சரிந்திருக்கிறது என்று பொருள். கணுக்கால் சுளுக்கு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

எறிய வேண்டிய கணம் தாவலின் உச்சி. புதியவர்கள் மேலே போகும்போதே அவசரப்பட்டு எறிகிறார்கள், அல்லது இறங்கும்போது எறிகிறார்கள். வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். பக்கவாட்டில் நின்று செல்பேசியில் மெதுவேகத்தில் படம் பிடித்துக் காட்டுங்கள். ஒரே பார்வையில் புரிந்துகொள்வார்கள்.

கீழ் மூலைகளை முதலில் பழக்குங்கள். இடுப்பு உயரத்தில் போகும் பந்து கீப்பருக்குச் செய்யும் உபகாரம். தரையில் குத்தி எழும்பும் எறிதல் நல்லதுதான். ஆனால் நம் மைதானத்தில் சிறு கல் பட்டால் பந்து எங்கே போகும் என்று எறிந்தவருக்கே தெரியாது. காலையில் கோல் முன்னால் கல் பொறுக்குவது எங்கள் அணியில் முதல் வேலை.

இன்னொன்று: பதினான்கு பேரை ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். ஒருவர் எறிய பதின்மூன்று பேர் வேடிக்கை பார்ப்பது பயிற்சி ஆகாது. ஒரு கோலில் எறிதல், மறு கோலில் காலடி அடையாளம் என்று பிரித்துவிடுங்கள்.

7. ஓரத்திலிருந்து எறிதல்

விங் ஆட்டக்காரர் ஓரத்தில் நின்று பார்த்தால் கோல் ஒரு கதவிடுக்குப் போலத்தான் தெரியும். அதனால் அவர் கம்பத்தை நோக்கித் தாவக் கூடாது. 7 மீட்டர் கோட்டை நோக்கித் தாவ வேண்டும். அந்தரத்தில் உள்ளே போகப் போக இடுக்கு அகலமாகிறது. 6 மீட்டர் கோட்டைத் தொடாமல் தாவி, தரை தொடுவதற்குள் பந்தை விட்டுவிட்டால் விதிமீறல் இல்லை. முதலில் தூரத்து மூலை, அது கைவந்த பிறகு பக்கத்து மூலை.

அணியில் இடக்கைக்காரர் ஒருவர் கிடைத்தால் அவரை வலது ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அவருக்குக் கிடைக்கும் கோணம் வலக்கைக்காரருக்குக் கிடைக்காது.

8. ஃபாஸ்ட் பிரேக்கின் கடைசிக் கண்ணி: களைப்போடு எறிதல்

ஒரு குறுவட்டப் போட்டியில் எங்கள் விங் பையன் மூன்று முறை தனியாகக் கோலுக்கு முன்னால் போனான். மூன்றும் போயிற்று. ஒன்று கம்பத்துக்கு மேலே, இரண்டு கீப்பரின் நெஞ்சுக்கு. அவன்மேல் கோபப்பட்டு, வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. மாதம் முழுக்க அவன் எறிந்து பழகியது மூச்சு வாங்காமல். ஓடியதெல்லாம் பந்து இல்லாமல். இரண்டையும் நான் ஒருநாளும் சேர்த்துவைக்கவில்லை.

எனவே இப்படி: உங்கள் பக்கத்து 6 மீட்டர் கோட்டிலிருந்து வெறுங்கையோடு முழு வேகத்தில் ஓடி, நடுக்கோட்டில் நிற்கும் உங்கள் கையிலிருந்து பந்தை வாங்கி, ஒன்று அல்லது இரண்டு முறை தட்டி, மூன்று அடியில் தாவி எறிய வேண்டும். வீசுவதில்லை, கையில் கொடுக்கிறீர்கள்; பிடிப்பதில் கவனம் சிதறக் கூடாது என்பதற்காக. தட்டும்போது காலடிக்குக் கணக்கு இல்லை, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தட்டலும் வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். செம்மண்ணில் பந்து திரும்பி வரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

ஓடும் பாதை முக்கியம். நடுக்கோடு தாண்டும் வரை ஓரமாக நேராக ஓட்டம். பிறகு 7 மீட்டர் கோட்டை நோக்கி உள்ளே வளைய வேண்டும். ஓரத்திலேயே போனால் கோணம் குறுகிவிடும். உள்ளே வளைந்தால் துரத்தி வருபவர் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார்.

பழகியதும் 3 மீட்டர் பின்னால் துரத்துபவர் ஒருவரைச் சேருங்கள். அவருக்கு ஒரே கட்டளை: எறிபவரின் கையையோ முதுகையோ தொடக் கூடாது. ஓடித் தாவுகிறவரைப் பின்னாலிருந்து தள்ளுவது ஆபத்து; போட்டியில் நேராகச் சிவப்பு அட்டை வரை போகும். அதைப் பயிற்சியிலேயே தடுத்துவிட வேண்டும்.

9. தோளுக்கு மேலாக வரும் பந்தைப் பிடித்தல்

இப்போது ஒரு கண்ணி பின்னால் போகிறோம். நீங்கள் 10 மீட்டர் பின்னால் நின்று, ஓடுபவருக்கு முன்னால் விழும்படி வீசுங்கள். பிடித்தால் 15 மீட்டர், பிறகு 20. பிடிக்கத் தவறும் தூரத்தில் நின்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் பார்த்துக்கொண்டே ஓடுவதுதான் பெரிய தவறு. வேகம் பாதியாகும். தலையைத் திருப்பியபடி ஓடிய இருவர் ஒருமுறை மோதி, ஒருவனுக்குப் புருவத்தில் தையல் போட வேண்டியதாயிற்று. முதல் பத்து அடி தலை முன்னோக்கியே இருக்கட்டும். பிறகு உள்பக்கத் தோளுக்கு மேலாக ஒரு பார்வை. பந்து எங்கே என்று தெரிந்ததும், எதிர்க் கீப்பர் எங்கே என்று இன்னொரு பார்வை. கீப்பர் தன் எல்லையை விட்டு வெளியே ஓடிவந்து பந்தைப் பறிக்கலாம். மோதினால் தண்டனை அவருக்குத்தான், ஆனால் பல் உங்கள் பிள்ளையுடையது.

10. கீப்பரின் நீள பாஸ்

கோல் கோட்டில் நின்றபடியே வீசும் கீப்பருக்கு 6 மீட்டர் வீண். பந்தை எடுத்ததும் இரண்டு மூன்று அடி முன்னே வந்து, நிமிர்ந்து பார்த்து, பிறகு வீச வேண்டும். வானத்துக்கு வீசும் பந்து அழகாக இருக்கும்; ஆனால் அது இறங்குவதற்குள் தற்காப்பாளர் வந்து நின்றுவிடுவார். தாழ்வாக, ஓடுபவருக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால் விழ வேண்டும்.

முடிவெடுக்கும் விதி ஒன்றே: விங் முன்னால் ஆள் இல்லை என்றால் நீளம், இருந்தால் பக்கத்தில் நிற்கும் பேக் ஆட்டக்காரருக்கு (இரு விங்குகளுக்கும் நடுவே பின்வரிசையில் ஆடுபவர்) குட்டை பாஸ். கோலுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகளைப் பந்து எடுத்துக்கொடுக்க நிறுத்துங்கள். வெளியே போன பந்தைக் கீப்பர் வேலியோரம் தேடிக்கொண்டிருந்தால் ஃபாஸ்ட் பிரேக் அங்கேயே முடிந்துவிடும். கீப்பர் எறிதலுக்கு நடுவரின் விசில் தேவையில்லை. பந்து கைக்கு வந்த உடனே வீசலாம்.

11. எப்போது கிளம்புவது?

கீப்பர் பந்தைப் பிடித்த பிறகு கிளம்பினால் தாமதம். எதிரணி எறிவதற்கு முன்பே கிளம்பினால் தற்காப்பில் ஓட்டை. நான் வைத்திருக்கும் விதி: பந்து இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க விங், எதிரியின் கையிலிருந்து பந்து விடுபட்ட கணத்தில் கிளம்ப வேண்டும். மற்ற எல்லோரும் பந்து நம் கைக்கு வந்த பிறகே. கீப்பர் தடுத்த பந்து மறுபடி எதிரியிடமே போகக்கூடும். அப்போது ஐந்து பேராவது கோட்டில் இருக்க வேண்டும்.

பழக்கும்போது எறிபவரை அவ்வப்போது கையை மட்டும் ஓங்கி எறியாமல் நிறுத்தச் சொல்லுங்கள். ஏமாந்து கிளம்பியவர் திரும்பி வர வேண்டும். இரண்டு நாளில் கண் கையைப் பார்க்காமல் பந்தைப் பார்க்கப் பழகிவிடும்.

12. இரண்டாம் அலை

விங்குக்குப் பந்து போகவில்லை என்றால் பின்னால் வருகிறவர்கள் ஆள் கணக்கில் முன்னிலையைப் பயன்படுத்த வேண்டும். முதலில் இருவருக்கு ஒரு தற்காப்பாளர், பிறகு மூவருக்கு இருவர். பந்து தட்டக் கூடாது என்பது பயிற்சி விதி. பந்து வைத்திருப்பவர் கோலை நோக்கியே ஓட வேண்டும். தற்காப்பாளர் தன்மேல் வந்த பிறகே பாஸ். முன்கூட்டியே கொடுத்தால் தற்காப்பாளர் நகர்ந்துவிடுவார், பயனில்லை. இருவரும் ஒருவரையொருவர் நெருங்காமல் இருக்க நடுவில் கோன் வரிசை ஒன்று வைத்துவிடுங்கள்.

கோல் வாங்கிய பிறகும் வேகம் காட்டலாம். நடுக்கோட்டின் மையத்துக்குப் பந்தைக் கொண்டுபோய் எறிய எதிரணி முழுதும் தன் பாதிக்குத் திரும்பியிருக்க வேண்டியதில்லை. கொண்டாடிக்கொண்டு நிற்கிறவர்களைத் தாண்டிப் போய்விடலாம். உங்கள் ஆட்கள் விசிலுக்கு முன் கோட்டைத் தாண்டிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

13. வாரத்தைப் பிரிப்பது

முதல் இரண்டு வாரம் 3 முதல் 6 வரை மட்டும். மூன்றாம் வாரம் 7, 8. நான்காம் வாரத்திலிருந்து நாளுக்கு ஒரு கண்ணி பின்னால். ஒரு படி தடுமாறினால் அடுத்ததற்குப் போக வேண்டாம். போட்டித் தேதி நெருங்குகிறது என்று தாவியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களில் நானும் ஒருவன்.

எல்லாப் பயிற்சியிலும் எறிந்தவர் உடனே நடுக்கோடு வரை திரும்பி ஓட வேண்டும், கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும். எறிந்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பதும் ஒரு பழக்கம்தான். பழக்கினால் அதுவும் நன்றாகவே வரும். போட்டிக்கு முந்தைய நாள் கீப்பரைச் சூடேற்றுவதும், ஓடிக்கொண்டே பாஸும், ஆளுக்குப் பத்து எறிதலும் போதும். மிச்ச நேரத்தில் ஷூவின் அடிப்பகுதி பிய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொருவருக்கும் பாருங்கள்.